மலைக்காரங்க தெருவும் நான் எழுதிய ஒரு சொல்லும்

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பேருந்தில் ஊர் ஊராகப் போய், மக்கள் குடியிருக்கும் தெருக்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். கோயிலையும் அருவியையும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு தெருவில் வாடகை என்ன, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், யார் எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். ஆனால் இந்த ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. கூப்பிட்டார்கள், போனேன். போகாமல் இருந்திருந்தால் நான் மனுஷியே இல்லை.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "டீச்சருங்களா? நான் பொன்னுருவிங்க. கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சில ஆறாவது உங்ககிட்ட படிச்சேன்" என்றாள் ஒரு பெண். எனக்கு முகம் நினைவுக்கு வரவில்லை. கள்ளக்குறிச்சியில் நான் மூன்றே வருஷம்தான் வேலை பார்த்தேன், அதுவும் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பு. நலம் விசாரித்தேன். பதில் சொன்னவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க டீச்சர். நான் எப்பங்க மலையாளம் பேசினேன்?" என்றாள்.

விஷயம் இதுதான். அவள் மகள் சந்தியா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். அதற்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வேண்டும். சந்தியாவின் அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், அவர் பெயரில் பழைய காகிதம் எதுவும் இல்லை. வீட்டில் இருப்பது பொன்னுருவியின் பத்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் சாதி என்ற இடத்தில் மலையாளி என்று இருக்கிறது. அது சரி. கல்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்குப் பெயரே மலையாளிதான். மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே அதற்குப் பொருள் சொல்வார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேசுவது தமிழ். ஆனால் அந்தக் காகிதத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் மலையாளம் என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற யாருக்கும் இது கேரளாவிலிருந்து வந்த குடும்பம் என்றுதான் தோன்றும். விண்ணப்பத்தை விசாரணைக்கு எடுத்துவிட்டார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்க அப்போது இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அந்த மலையாளத்தை எழுதியது நான்.

ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டை எழுதும் வேலை அந்த மூன்று வருஷமும் என்னிடம் இருந்தது. மலையிலிருந்து ஒரு அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றிருப்பார். சாதி என்ன என்று கேட்டிருப்பேன். மலையாளிங்க என்றிருப்பார். நான் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரி, அந்த மக்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஓ, கேரளா போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த கட்டத்தை நானே நிரப்பிவிட்டேன். கேட்கவில்லை. அவர் எனக்குப் பதில் சொன்னதே தமிழில்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தச் சொல் பதிவேட்டிலிருந்து மாற்றுச் சான்றிதழுக்குப் போய், அங்கிருந்து ஒரு தகரப் பெட்டிக்குள் போய், இத்தனை வருஷம் படுத்திருந்துவிட்டு இப்போது எழுந்து வந்திருக்கிறது.

ஜூன் முதல் திங்கட்கிழமை காலை 6.10க்குக் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினேன். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழி. சுமார் 205 கிலோமீட்டர். டிக்கெட் 210 ரூபாய். உளுந்தூர்பேட்டையில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். கழிப்பறைக்குப் போவதென்றால் இங்கேயே போய்விடுங்கள். திருநாவலூர் கோயிலுக்குப் போகிறவர்களும் இங்கேதான் இறங்கி வண்டி மாறுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா அங்கே இறங்கும்போது, "நீங்களும் வாங்களேன், இவ்ளோ தூரம் வந்துட்டு" என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டார். வேறு சமயமாக இருந்தால் போயிருப்பேன். 10.55க்குக் கள்ளக்குறிச்சி.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். தனியறை ஒரு நாளைக்கு 850 ரூபாய். மின்விசிறி சத்தம் போடும், ஆனால் கட்டில் விரிப்பு சுத்தம். பையை வைத்துவிட்டு வெளியே வந்து, பொன்னுருவி சொன்ன முகவரியை ஆட்டோக்காரரிடம் காட்டினேன். நகர், விரிவு, மூன்றாவது குறுக்கு என்று நீளமாக இருந்தது. அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்டி ஒரு தெருவே கெடையாதும்மா" என்றார். ஷரீஃப் பாயின் லைன் வீடு, மலையிலிருந்து வந்தவர்கள் இருக்கிற இடம் என்றேன். "அட, மலைக்காரங்க தெரு! அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று வண்டியைக் கிளப்பினார். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அறுபது ரூபாய் கேட்டார், ஐம்பது கொடுத்தேன்.

கடைவீதியின் இரைச்சல் முடிந்து, ஒரு மரக்கடையைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்பும் தெரு அது. மொத்தம் முப்பத்தைந்து வீடு இருக்கும், நான் நடந்து எண்ணினேன். முன்வரிசையில் வியாபாரிகளின் சொந்த வீடுகள். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், இரண்டு மாடி, பச்சையும் ரோஜா நிறமுமாகப் பூச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்தில் ஐந்தாறு அறைகள் வரிசையாக. அந்த அறைகளில்தான் மலைக்குடும்பங்கள் இருக்கின்றன. மலையில் உள்ள பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளை மேல்வகுப்புக்கு இங்கே சேர்த்துவிட்டு, கூடவே அம்மாவோ சித்தியோ வந்து தங்கிச் சமைத்துப் போடுகிறார்கள். அப்பாக்கள் மேலே கொல்லைக்காட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள், அல்லது வெளிமாநிலத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஏப்ரல் கடைசியில் அத்தனை அறைக்கும் பூட்டு. ஜூனில் மறுபடி திறப்பு. நான் போனது திறந்த வாரம்.

தெரு முழுக்கப் பலாப்பழ வாசனை. இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. ஜூனில் அறைக்குத் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு பலாப்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்த பிறகுதான் தங்கள் அறைப் பூட்டைத் திறக்கிறார்கள். பொன்னுருவிக்கு அறையை வாடகைக்கு விட்டிருக்கும் ஷரீஃப் பாய், கடைவீதியில் கயிறு, மண்வெட்டி, அரிவாள் விற்கும் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டு வாசலில் ஆறு பழம் கிடந்தது. அவர் மனைவி மெஹரூன் கையில் நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு ஒன்றைப் பிளந்துகொண்டிருந்தார். "அஞ்சு ரூமு, ஆறு பழம். ஒரு வூட்ல ரெண்டு கொண்டாந்துட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும், தெருவுக்கே குடுத்துக்கினு கீறேன். நீங்களும் துன்னுங்க டீச்சர்" என்று இலையில் எட்டுச் சுளை வைத்து நீட்டினார்.

பொன்னுருவி உள்ளேயிருந்து வந்தாள். முப்பத்தொன்பது வயது, ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. பார்த்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அவள் என் காலைத் தொடக் குனிந்தபோது பின்னால் நகர்ந்துகொண்டேன். எந்த முகத்தோடு அதை வாங்கிக்கொள்வது?

பத்துக்குப் பன்னிரண்டு அறை. சந்தியா பள்ளியை முடித்துவிட்டாலும் சான்றிதழ் அலைச்சலுக்காக அதை விடாமல் வைத்திருந்தார்கள். வாடகை 1,800, மின்சாரம் தனி. குடிதண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை 6.15 முதல் ஏழு மணி வரை. மூலையில் சாமை மூட்டை, அதன்மேல் சுருட்டிய பாய், சுவரில் சந்தியா போன வருஷம் ஒட்டிய வகுப்பு நேர அட்டவணை. சந்தியா வெட்கப்பட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். பிறகு அவளே விண்ணப்பக் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் பரப்பினாள். எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தாள். இந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயாளி மருந்து மாற்றிச் சாப்பிடமாட்டான் என்று எனக்குத் தோன்றியது.

"எங்க பெரியவங்க காஞ்சிவரத்துல இருந்து வந்தாங்கன்னுதான் சொல்லுவாங்க. கேரளா எந்தப் பக்கம்னே எங்கப்பாவுக்குத் தெரியாது" என்றாள் பொன்னுருவி. பிறகு கொஞ்சம் சிரித்தாள். "இப்ப எங்கூட்டுக்காரரு அங்கதாங்க கீறாரு, மொளகு எஸ்டேட்ல. கூலி கேக்கற அளவுக்கு மலையாளம் பேசுவாரு. எங்க வூட்ல அவரு ஒருத்தருக்குத்தான் அது தெரியும். ஆனா அவருக்கு ஒரு பேப்பரும் கெடையாது."

பலாச்சுளையோடு வந்து உட்கார்ந்த மெஹரூன், "எனக்கும் அதே கததாங்க. என் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்ல தாய்மொழி உருதுன்னு கீது. எங்க வூட்ல தமிழ்தான். எனக்குத் தெரிஞ்ச உருது ஜாஸ்தி, கம்மி, ரெண்டே ரெண்டுதான்" என்றார். இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெஹரூன் படித்தது வேறு பள்ளியில் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். பாய் வீட்டுப் பிள்ளை என்றால் உருது, பெயரில் ரெட்டி என்று வந்தால் தெலுங்கு. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், வெயில் வேறு. அந்தக் கட்டத்தை நிரப்ப யாரையும் கேட்கத் தேவையில்லை என்று என்னவோ ஒரு தெளிவு எனக்கு.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குப் போனோம். எந்தப் பள்ளி என்று எழுதவில்லை. தவறு என்னுடையது, பள்ளியுடையது அல்ல. இப்போதுள்ள தலைமையாசிரியர் என்னைவிட இருபது வயது சின்னவர். கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, பழைய பதிவேட்டைத் தானே தூசி தட்டி எடுத்து வந்தார். கரும்பச்சைத் துணி அட்டை. பக்கத்தைத் திருப்பியதும் என் எழுத்தைப் பார்த்துவிட்டேன். வலது பக்கம் சாய்ந்த எழுத்து, நீல மை. இன்றைக்கும் நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

பொன்னுருவியின் பெயர் இருந்தது. சாதி: மலையாளி. தாய்மொழி: மலையாளம். அவள் விரலை வைத்துக் காட்டினாள். விரலை எடுத்ததும் அதற்கு மேலே உள்ள வரி தெரிந்தது. அங்கேயும் மலையாளம். நான் பக்கத்தைத் திருப்பினேன். மறுபடி இரண்டு. நான் அந்தப் பள்ளியில் இருந்த மூன்று வருஷத்துப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்து முடித்தபோது பதினொரு பெயர்கள் இருந்தன. பதினொன்றும் மலைப் பிள்ளைகள். பதினொன்றும் என் கையெழுத்து. நான் வருவதற்கு முன்பும், நான் போன பிறகும், வேறு ஆசிரியர்கள் எழுதிய பக்கங்களில் மலைப் பிள்ளைகளுக்குத் தமிழ் என்றே இருந்தது. அவர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு தவறைத் திருத்திவிட்டு, நிம்மதியாக ஊருக்குத் திரும்பி, அதை ஒரு கட்டுரையாகவும் எழுதிவிடலாம் என்ற நினைப்பில்தான் நான் கிளம்பி வந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பொன்னுருவி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள். ஒரு பெயரில் நின்றாள். "டீச்சர், காசாம்பு. ஹாஸ்டல்ல என் பக்கத்துல படுப்பா. இவ பொண்ணு வெண்ணிலாவுக்கும் சர்ட்டிபிகேட் வரலைன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. அலைஞ்சி பாத்துட்டு வுட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில கீது. அதுக்கும் இதுதான் காரணம்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றாள்.

பதிவேட்டின் நகலைத் தலைமையாசிரியர் கையெழுத்திட்டுக் கொடுக்க, அங்கிருந்து கோட்டாட்சியர் அலுவலகம் போனோம். பழங்குடியினர் சான்றிதழுக்கு அங்கேதான் போக வேண்டும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அந்தப் பிரிவைப் பார்க்கும் அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "ஏன் டீச்சர் அப்டி எழுதினீங்க?" என்று மட்டும் ஒரு கேள்வி. "கேக்காம எழுதிட்டேன்" என்றேன். அதையே எழுத்தில் கேட்டார். அந்தச் சொல்லை எழுதியது நான், பெற்றோரைக் கேட்காமல் என் அனுமானத்தில் எழுதியது, அந்த மாணவியும் தந்தையும் தமிழிலேயே பேசினார்கள் என்று மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மலையில் அவர்கள் ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். மற்ற பத்துப் பேருக்கும் இப்படி எழுதித் தரலாமா என்று கேட்டேன். அவரவர் விண்ணப்பத்தோடு தனித்தனியாகத்தான் தர முடியும் என்றார். நியாயம்தானே, தவறையும் தனித்தனியாகத்தான் எழுதினேன்.

புதன்கிழமை காலை 6.40க்குக் கரியாலூர் பேருந்து. பொன்னுருவியும் கூட வந்தாள். கச்சிராயபாளையம் வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஆளுக்கு 38 ரூபாய் வாங்கினார்கள். கோமுகி அணையைத் தாண்டியதும் மலை ஏற்றம். வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். 8.35க்குக் கரியாலூரில் இறங்கினோம். சில்லென்று காற்று. நாலைந்து இளைஞர்கள் அருவிக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீ பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து காசாம்புவின் ஊர் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்குப் போகவர 400 ரூபாய், காத்திருப்பதும் சேர்த்து. ஊர்ப் பெயரை எழுதவில்லை, மன்னிக்கவும்.

காசாம்பு மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பொன்னுருவி போய்ச் சொன்னதும் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "எங்க டீச்சர்! எங்க டீச்சர் வந்துக்கீறாங்க!" என்று பக்கத்துக் கொல்லைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கொல்லை வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டில் நான் தவறாக எழுதிவிட்டேன், உங்கள் மொழி தமிழ், நான் மலையாளம் என்று எழுதிவிட்டேன், உன் மகளுக்குச் சான்றிதழ் வராமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றேன்.

காசாம்பு கேட்டாள்: "அப்போ நாம பேசறது மலையாளம் இல்லீங்களா டீச்சர்?"

எனக்குப் புரியவில்லை. பொன்னுருவிக்கும் புரியவில்லை.

"சர்ட்டிபிகேட்ல மலையாளம்னு போட்டு இருந்துச்சு. நாம மலையாளி, அதனால மலையில நாம பேசறதுக்குப் பேரு மலையாளம் போலன்னு நெனச்சிக்கினேன். கீழ பேசறது தமிழு, நம்முது கொஞ்சம் மாறுது இல்ல, அதான் வேற பேரு வச்சிக்கீறாங்கன்னு" என்றாள். "வெண்ணிலாவ ஒண்ணாவது சேக்கும்போது அந்த சாரு தமிழ்னுதான் எழுதப் போனாரு. நான்தான் வுடல. இல்ல சார், மலையாளம், எங்க டீச்சர் எழுதிக்கீறாங்க, அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமான்னு சண்ட போட்டேன். பேப்பரக் கொண்டாந்து காட்டி எழுத வச்சேன்."

நான் அழுதேன். ஒளிக்க ஒன்றுமில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரு மரவள்ளிக் கொல்லையில் நின்று, முன்னாள் மாணவி முன்னால் வாய்விட்டு அழுதேன். காசாம்பு என்னைத் தேற்றவில்லை. அவள் தேற்ற வேண்டிய அவசியமும் இல்லை. "வெண்ணிலா நின்னுக்கினே வேல செய்றா டீச்சர். பன்னண்டு மணி நேரம். காலு வீங்கிப் போவுது" என்று மட்டும் சொன்னாள். பிறகு குனிந்து களைக்கொட்டை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து களை எடுக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு வரிசை முழுக்க முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப எழுதித் தருவீங்களா?"

அவள் வீட்டில், தகரப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். பெட்டிக்குள்ளேயிருந்து அவள் எடுத்துக் காட்டிய மாற்றுச் சான்றிதழைப் பாலிதீன் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு வைத்திருந்தாள். ஒரு மடிப்புகூடக் கிழியவில்லை. நான் எழுதியதை அவ்வளவு பத்திரமாக வேறு யாரும் வைத்திருந்ததில்லை. எழுதி முடித்ததை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்தி, அவள் அப்பா பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னாள். திருத்தினேன். மதியம் சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சாப்பிட்டேன். 2.30 வண்டியில் மலை இறங்கி, அன்றைக்கே கள்ளக்குறிச்சியில் இன்னும் இரண்டு பேரைப் பார்த்தோம். ஒருவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். இன்னொரு பெண் அதே மலைக்காரங்க தெருவில், பொன்னுருவிக்கு நான்கு அறை தள்ளிக் குடியிருக்கிறாள். இருவரின் பிள்ளைகளும் இன்னும் சின்ன வகுப்பில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கும் எழுதிக் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மூன்று நாள் பயணத்தில் இரண்டு இரவு தங்க 1,700, பேருந்து, ஆட்டோ, சாப்பாடு, நகல் எடுத்தது எல்லாம் சேர்த்து இன்னொரு 1,900 ஆனது. ஜூனில் போங்கள், பலாப்பழம் கிடைக்கும், வெயிலும் தணிந்திருக்கும். மலையில் கடைசிப் பேருந்தை நம்பாதீர்கள், மதிய வண்டியிலேயே இறங்கிவிடுங்கள். கைபேசி சில இடங்களில் எடுக்காது. கள்ளக்குறிச்சியில் ஆட்டோக்காரரிடம் நீளமான முகவரி சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், மலைக்காரங்க தெரு என்றால் போதும். ஆனால் அங்கே போய்க் கேமராவை நீட்டாதீர்கள். அது வேடிக்கை பார்க்கும் இடமல்ல, பிள்ளைகளைப் படிக்கவைக்க வீட்டைப் பிரிந்து வந்தவர்கள் இருக்கிற இடம். மலையில் யாராவது தன்னை மலையாளி என்று சொன்னால், அடுத்த வார்த்தையாக ஓணம், புட்டு என்று பேசத் தொடங்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லைதான், ஆனால் யாராவது சொல்ல வேண்டும்.

ஆசிரியராக இருக்கிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கட்டம் சின்னது. ஒரு சொல்தான் கொள்ளும். கேட்டுவிட்டு எழுதுங்கள். நாம் தவறாக எழுதினால் யாராவது வந்து திருத்துவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். சிலர் நாம் எழுதியதைச் சரியென்று நம்பி, அதற்காக ஊரோடு சண்டை போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் திரும்பி வந்த ஒன்பதாம் நாள் சந்தியாவின் சான்றிதழ் வந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு. அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அடியில் ஒரு வரி: "நன்னி டீச்சர்! அப்பா சொல்லிக் கொடுத்தாங்க." மலையாளத்தில் நன்றி சொல்லியிருக்கிறாள், குறும்புக்காரி. சிரித்தேன், உடனே கண் நிறைந்துவிட்டது.

பதினொன்றில் நான்கு பேரைப் பார்த்தாயிற்று. ஏழு பேர் பாக்கி. அந்த வருஷங்களில் மலையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் யாராவது இதைப் படித்தால், உங்கள் பழைய காகிதத்தை எடுத்துத் தாய்மொழிக் கட்டத்தைப் பாருங்கள். அந்தச் சொல் இருந்தால் கீழே கருத்துப் பெட்டியில் ஒரு வரி போடுங்கள், நான் கிளம்பி வருகிறேன்.

நேற்று காலை காசாம்பு வேறு யாருடைய கைபேசியிலிருந்தோ கூப்பிட்டாள். வெண்ணிலா திருப்பூரிலிருந்து ஒரு பையோடு வந்துவிட்டாளாம். அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டாளாம். என் கடிதத்தையும் வாங்கிக்கொண்டார்களாம்.

"தாய்மொழி என்னன்னு கேட்டாங்களா? வெண்ணிலா என்ன சொன்னா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"அவ ஒண்ணும் சொல்லலையாம் டீச்சர்" என்றாள் காசாம்பு. "அவ பேசிக்கினு இருந்தத கேட்டே அந்தம்மா எழுதிக்கினாங்களாம்."